பழுப்புத் தாள் சுற்றிய நட்சத்திரம்

1971 டிசம்பரில் நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வேலை சென்னையில், ஒரு தமிழ் நாளிதழில். டெலிபிரிண்டரில் ஆங்கிலத்தில் வந்து விழும் செய்தியைக் கிழித்தெடுத்து, தமிழாக்கி, தலைப்பு வைத்து, அச்சுக்கோப்புப் பகுதிக்கு அனுப்ப வேண்டும். மூன்றாம் தேதி மாலை மேற்கு எல்லையில் நம் விமான தளங்கள் மீது குண்டு விழுந்து போர் தொடங்கியது. அதிலிருந்து எனக்குப் பகல் ஷிப்ட். இருட்டத் தொடங்கும் நேரத்தில் மின்சார ரயிலைப் பிடித்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.

எதிரி விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று ரயிலில் ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டிருப்பார்கள். பெட்டிக்குள் நீலத்தாள் ஒட்டிய ஒற்றை விளக்கு. நிலையங்களின் பெயர்ப்பலகை தெரியாது. பழகியவர்கள் தோல் பதனிடும் ஆலையின் வாடையை வைத்து குரோம்பேட்டையைக் கண்டுபிடித்து, மற்றவர்களுக்கும் அறிவிப்பார்கள். அடுத்தது தாம்பரம் சானடோரியம், அதற்கடுத்தது நாங்கள்.

நான் பத்திரிகையில் இருப்பது பெட்டியில் பலருக்குத் தெரியும். "பேப்பர்ல போட்டதை விடுங்க சார், போடாததைச் சொல்லுங்க" என்பார்கள். போடாதது என்று என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. அதைச் சொன்னால் ரகசியம் காக்கிறேன் என்று மரியாதை கூடியது. கடைசியில் மறுப்பதை விட்டுவிட்டேன்.

வீட்டின் சொந்தக்காரர் ஒரு பள்ளி ஆசிரியை. கீழே தனியாக இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். கணவர் இராணுவத்தில் ஹவில்தார். ஆற்றுக்குப் பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது, சாலை சரிசெய்வது அவருடைய பிரிவின் வேலை. நவம்பரில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று எழுதக்கூடாது என்பதால், ஈரம் அதிகம், மீன் மலிவு என்று மட்டும் எழுதியிருந்தார். அக்கா அதை வைத்து வங்காளம் என்று முடிவு கட்டினார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

நான் மாடிப்படி ஏறும் முன்பே கீழ் வீட்டுக் கதவு திறக்கும். ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டிய முன்னறையில் பள்ளிக்கூட அட்லஸ் விரித்து வைக்கப்பட்டிருக்கும்.

"தம்பி, இன்னைக்கு எந்த ஆத்துக்கிட்ட இருக்காங்க?"

போரை அவர் ஆறுகளாகத்தான் தொடர்ந்தார். வங்காளத்தில் எங்கே போனாலும் ஆறு குறுக்கிடும். படை ஆற்றைக் கடந்தது என்றால் யாரோ பாலம் போட்டிருக்கிறார்கள். பாலம் போட்டிருந்தால் அங்கே கணவர் இருந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் ஊர்களின் பெயரைத் தலைப்பில் வைப்பதற்குத்தான் எங்களுக்குப் போட்டி. ஜெஸ்ஸூர் வீழ்ந்தது என்று பெரிய எழுத்தில் போட்டோம். அக்கா அந்தச் செய்தியின் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படித்தார். அங்கே ஒரு சிற்றாறு வந்திருந்தது.

மேக்னா ஆற்றைக் கடந்த செய்தி வந்த அன்று, நல்ல செய்தி கொண்டு போகிறோம் என்ற நினைப்பில் வாசல்படி ஏறினேன்.

"மேக்னாவைத் தாண்டிட்டாங்க அக்கா. ஹெலிகாப்டர்ல."

"ஹெலிகாப்டர்லயா? ஏன்?"

"அங்க இருந்த பாலத்தை எதிரிங்க வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்களாம்."

"தகர்த்தா கட்டறதுக்குத்தானே இவரை வெச்சிருக்காங்க?"

கணவரை வேலையை விட்டு நீக்கிவிட்டதாகக் கேள்விப்பட்டவர் போல அதைக் கேட்டார். பிறகு அட்லஸில் மேக்னாவின் மீது வைத்திருந்த பென்சிலை எடுத்துவிட்டார். அந்த ஆற்றில் இனி கணவருக்கு வேலை இல்லை.

இன்னொரு நாள் அன்றைய பத்திரிகையை நீட்டி, ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார். "நம் தரப்பில் இழப்பு சொற்பம்." நான் எழுதிய வரி.

"சொற்பம்னா எவ்வளவு தம்பி?"

"அவங்க அனுப்பறதே அவ்வளவுதான் அக்கா. இங்கிலீஷ்ல 'லைட்'னு வரும். நான் சொற்பம்னு போட்டேன்."

"எண்ணிக்கை வராதா?"

"இப்போ வராது."

"என் கிளாஸ்ல இன்னைக்கு எத்தனை பேர் வரலைன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டா, சொற்பம்னு சொல்லிட்டு வர முடியுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பத்திரிகையை மடித்து என்னிடமே கொடுத்தார். தமிழில் வேறு சொல் இருக்கிறதா என்று அன்று படுக்கும்வரை யோசித்தேன். "குறைவு" இருந்தது. அதிலும் எண்ணிக்கை இல்லை.

எங்கள் தெருவில் பாதிக்கு மேல் கிறிஸ்தவக் குடும்பங்கள். டிசம்பர் பிறந்ததும் மூங்கில் பிளாச்சில் கட்டி மெல்லிய தாள் ஒட்டிய நட்சத்திரம் ஒவ்வொரு வாசலிலும் ஏறிவிடும். உள்ளே ஒரு பல்ப். அக்கா வீட்டு நட்சத்திரத்தின் சட்டம் அவர் கணவர் கட்டியது. வருடம் முழுக்கப் பரணில் கிடக்கும். அவர் விடுப்பில் வராத வருடங்களில் அக்காவே புதுத்தாள் ஒட்டி, ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டுவார். அந்த வருடமும் போர் தொடங்கும் முன்பே கட்டியிருந்தார்.

இருட்டடிப்பு உத்தரவு வந்ததும் தெருவில் எல்லாரும் நட்சத்திரங்களை இறக்கிவிட்டார்கள். அக்கா பல்பைக் கழற்றினார். நட்சத்திரத்தை இறக்கவில்லை.

எங்கள் பகுதியில் இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டனாக இருந்தவர் முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். உள்ளூர்க்காரர். கையில் துணிப்பட்டை, கழுத்தில் விசில். யாராவது வாசலில் தீக்குச்சி கிழித்தாலும் விசில் ஊதுவார். பீடி பிடிப்பதையே அந்த மாதம் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். ஒரு மாலை, நான் கேட்டைத் திறக்கும்போது அவர் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர் இது? அல்லாரும் இறக்கிட்டாங்கோ. உங்குளுது மட்டும் தொங்கிகினு கீதே."

"பல்ப் போடலையே அண்ணா."

"பல்ப் போடலேன்னா? வெள்ளைக் காயிதம். நிலா வந்தா பளிச்சுனு கீது. பக்கத்துலயே ஏரோப்ளேன் தளம். மேலேர்ந்து எவனாவது பாத்தான்னா பேஜாராப் பூடும்."

"மேலேர்ந்து பார்க்கிறவன் என் நட்சத்திரத்தைத் தேடிக்கிட்டுத்தான் அவ்வளவு தூரம் வர்றானா?"

"அவன் தேடறானோ இல்லியோ, எனக்கு ஆர்டர் கீது. நீங்க இறக்கறீங்களா, நான் ஏறட்டுமா?"

"ஏறிப் பாருங்க" என்றார் அக்கா.

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. வார்டனும் எதிர்பார்க்கவில்லை. நான் அவர் தோளைத் தொட்டுக் கேட்டுக்கு வெளியே அழைத்துப்போனேன். கிறிஸ்தவர்களான எங்களுக்குச் சொல்லத் தேவையில்லாத ஒன்றை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் அந்த வருடம் சாவு விழுந்திருந்தால், அந்த வீட்டு வாசலில் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் இருக்காது. புதுத்துணி இருக்காது. பாட்டுப் பாடி வருகிறவர்களும் அங்கே பாட மாட்டார்கள், ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள். மற்ற வீடுகளில் நட்சத்திரத்தை இறக்கினால் இருட்டடிப்பு. கணவன் சண்டையில் இருக்கிறான், கடிதம் இல்லை என்ற வீட்டில், ஏற்றிய நட்சத்திரத்தை மனைவி கையாலேயே இறக்கச் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம்.

வார்டன் விசிலைக் கையால் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கின்னா சார்? எங்க வூட்லயும் சாவு வுயுந்தா அந்த வருசம் தீபாவளி கெடையாது." நட்சத்திரத்தை மறுபடி அண்ணாந்து பார்த்தார். "ஆனா வெள்ளையா தொங்க வுட முடியாது. எதுனா போட்டு மூடிக்கச் சொல்லு."

கறுப்புத் துணி என்று நான் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அக்காவே உள்ளே போய், பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாள் சுருளை எடுத்து வந்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து முனைகளுக்கும் மூலை மடித்து, நூல் சுற்றி, நோட்டுக்குப் போடுவது போலவே நேர்த்தியாகப் போட்டார். வார்டன் நாலு அடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"ரைட். பாஸ்" என்றார்.

பதினாறாம் தேதி டாக்காவில் எதிரிகள் சரணடைந்தார்கள். டெலிபிரிண்டர் மணி விடாமல் அடித்தது. அலுவலகத்தில் யாரோ எல்லாருக்கும் காபி வாங்கி வந்தார்கள். ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் எனக்குக் கைகொடுத்தார்கள், டாக்காவை நானே பிடித்துவிட்டு வருவது போல. இருட்டடிப்பு விலகிய மாலை, எங்கள் வார்டன் தெரு முழுக்க நடந்து, அதே விசிலை ஊதி, "லைட் போட்டுக்கோங்கோ! அல்லாரும் லைட் போட்டுக்கோங்கோ!" என்று கத்தினார். நட்சத்திரங்கள் மறுபடி ஏறின. அவசரத்தில் சிலது கோணலாக ஏறின.

அக்கா வீட்டில் மட்டும் பழுப்புத் தாள் அப்படியே இருந்தது.

"பிரிச்சிடலாமே அக்கா. சண்டை முடிஞ்சிடுச்சே."

"உங்க பேப்பருக்கு முடிஞ்சிடுச்சு தம்பி. புதைச்சு வெச்ச வெடிக்கு யார் போய்ச் சொல்லுவாங்க?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகுதான் அவருடைய கணவரின் வேலை மும்முரமாகும். சாலைகள், படகுத்துறைகள், பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் தேடித் தேடி எடுக்க வேண்டும். எங்கள் பத்திரிகையில் அன்று அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"லைட் போட்டா அவர் நல்லா இருக்கார்னு நானே ஊருக்குச் சொல்ற மாதிரி. இறக்கினா வேற மாதிரி. ரெண்டும் எனக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

தெருவில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. அதனால் அதை வெளி ஆள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வீடு வீடாகப் பாட்டுப் பாடி வருவார்கள். இருட்டடிப்பினால் பல நாட்கள் போய்விட்டதால் அந்த வருடம் குழுக்களைப் பிரித்து, விளக்கு வைத்ததுமே கிளம்பிவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த குழுவில் வழக்கமான ஆட்கள் இல்லை. கல்லூரி விடுதியில் தங்கிவிட்ட மாணவர்கள்தான் அதிகம். எனக்கு அன்று வார விடுமுறை, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா முன்னறையில் தட்டுகளில் கேக்கும் முறுக்கும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவரே தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பாட்டு ஒவ்வொரு வீடாக நெருங்கியது. பக்கத்து வீட்டில் பாடி முடித்து, அடுத்த பாட்டைத் தொடங்கியபடியே எங்கள் கேட்டுக்கு வந்தார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் நட்சத்திரத்தின் மீது விழுந்தது. முன்னால் வந்த மாணவன் கையைத் தூக்கினான். பாட்டு வரியின் நடுவில் நின்றது. டிரம் வாசித்தவன் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டிருந்தவர் முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். செருப்புகளைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

முதல் மாணவன் அக்காவுக்கு முன்னால் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, "துக்கப்படுகிறவர்களைத் தேற்றுகிற ஆண்டவரே" என்று தொடங்கினான்.

அக்கா கையில் தட்டு இருந்தது. அவர் அந்த மாணவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, கதவுக்கு வெளியே, படியில் இருந்த என்னைப் பார்த்தார்.

"தம்பி. ஆபீஸ்ல ஏதாவது வந்துதா?"

"இல்லக்கா."

"எங்கிட்ட மறைக்காதீங்க."

"சத்தியமா ஒன்னும் வரலைக்கா. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

அவர் நம்பவில்லை. பத்திரிகைக்காரனுக்கு முன்பே தெரியும், அவன் சபைக்குச் சொல்லியிருக்கிறான், அவர்கள் ஆறுதல் சொல்ல ஆளனுப்பியிருக்கிறார்கள். அப்படித்தான் அவர் மனது அடுக்கிக்கொண்டு போனது முகத்தில் தெரிந்தது. ரயிலில் என்னைப் பெருமைப்படுத்திய அதே நம்பிக்கைதான். தட்டிலிருந்து முறுக்கு ஒன்று நழுவி விழுந்து உடைந்தது. ஜெபம் செய்தவன் கண்ணைத் திறந்தான்.

"என்ன ஆச்சுக்கா? இது... துக்க வீடு இல்லையா?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைக்கா. வெளியில நட்சத்திரம்... மூடியிருந்தது. லைட்டும் இல்ல. அதனால..."

அதற்குள் பாட்டுக் கேட்க வந்த வார்டன் கேட் அருகில் நின்றே நிலைமையைப் புரிந்துகொண்டுவிட்டார்.

"யோவ்! இங்க யாரும் சாவலேய்யா! அத்த மூடச் சொன்னதே நாந்தான்! கேட்டுக்கினு உள்ள போறதில்லே?"

யாரும் சிரிக்கவில்லை. மாணவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கப் பார்த்தார்கள். முதல் மாணவன் மன்னிப்புக் கேட்டான், மறுபடி கேட்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் எதையும் தவறாகச் செய்யவில்லை. வளர்த்தவர்கள் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்திருந்தான்.

அக்கா தட்டை மேஜையில் வைத்தார். புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார். அது வகுப்பில் கேட்கிற குரல். "விட்ட இடத்திலேர்ந்து பாடுங்க."

"அக்கா..."

"பாடுங்க. முழுசா."

பாடினார்கள். சுருதி சேரவில்லை. டிரம் ஒரு வரி முழுவதும் பின்னால் வந்துகொண்டிருந்தது. தாத்தா முகமூடியை மாட்ட மறந்துவிட்டார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை நின்று கேட்டார். பிறகு எல்லாருக்கும் கேக் கொடுத்தார். வார்டனுக்கு இரண்டு துண்டு. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பாடத் தொடங்கியதும் வாசல்படியில் உட்கார்ந்தார். அழுதார். நான் உடைந்த முறுக்கைப் பொறுக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் போயிற்று. ஜனவரியில் தெருவில் நட்சத்திரங்கள் இறங்கின. மறுபடியும் அது ஒன்றுதான் தொங்கியது. தாள் வெயிலில் வெளுத்து, ஒரு முனையில் கிழிந்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. கறுப்பு டிரங்குப் பெட்டி, சுருட்டிய படுக்கை, நன்றாக இளைத்த ஒரு மனிதர். அவர் எழுதிய கடிதங்கள் அவருக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தன. மொத்தமாக ஒரே கட்டில் வந்த அவற்றை அக்கா அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு படித்ததை அடுத்த வாரம் பார்த்தேன்.

வந்தவர் முதலில் பார்த்தது மேலே.

"என்ன இது, நட்சத்திரத்துக்கு அட்டை போட்டு வெச்சிருக்க? பேர், வகுப்பு, பிரிவு எல்லாம் எழுதலையா?"

அவரே ஸ்டூல் போட்டு ஏறி நூலை அறுத்தார். உள்ளே வெள்ளைத் தாள் புதிதாக இருந்தது. பல்ப் மாட்டி, பட்டப்பகலில் சுவிட்சைப் போட்டார்கள். தெரு கூடிவிட்டது. வார்டன் கடையிலிருந்து வந்து, எங்கிருந்தோ விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி, "அணைங்கோ, அணைங்கோ, ஆர்டர் கீது!" என்றார். எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

மாலையில் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போரைப் பற்றி நான் கேட்டவற்றுக்கெல்லாம் அவர் சேறு, படகு, பாலத்தின் இரும்புத் துண்டுகளைத் தோளில் தூக்கும் முறை என்று பதில் சொன்னார். ஒரு பாலத்தில் முதல் லாரி ஏறியபோது, அடியில் தண்ணீரில் நின்றபடி அதைப் பார்த்ததைச் சொன்னார். பிறகு, நாங்கள் என்னதான் போட்டோம் என்று பார்க்க ஆசைப்பட்டார். அக்கா பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார். அவர் தலைப்புகளைத் தாண்டி மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. எந்த இடம் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

"சொற்பம்" என்று வாய்விட்டுப் படித்தார். என்னைக் குறை சொல்லும் தொனி இல்லை. "சரிதான் தம்பி. எங்க செக்‌ஷன்ல ரெண்டே பேர்தான். ஒருத்தன் ஆத்துல போனான். இன்னொருத்தன் சண்டையெல்லாம் முடிஞ்ச பிறகு, வெடி எடுக்கறப்போ."

அக்கா சோற்றுக் கரண்டியுடன் நின்றார்.

"நம்ம ஆளுங்களா?"

"வெடியில போனவன் நம்ம ஆளு, கிறிஸ்டியன். நாசரேத் பக்கம். ரெண்டு பிள்ளைங்க." பத்திரிகையை மடித்தார். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே தந்தி போயிருக்கும்."

அக்கா கரண்டியைச் சோற்றுப் பானையில் வைத்தார். வாசலுக்குப் போனார். சுவிட்ச் சத்தம் கேட்டது. முற்றத்தில் விழுந்திருந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் போய்விட்டது.

கடையைப் பூட்டிவிட்டு அந்த வழியாகப் போன வார்டன் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா டீச்சர், பல்ப் பூட்ச்சா? என்னாண்ட ஒண்ணு கீது, எடுத்தாரட்டா?"

"இல்லண்ணா. நான்தான் அணைச்சேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சைக்கிளில் ஏறாமல், கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனார்.